முனிரத்தினம் அழிக்காத வரிகள்

படம் முதலில் வந்தது, பெயர் பிறகுதான் வந்தது. சித்தூரில் நான் நடத்தும் டைப்பிங், பிளெக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் வரும் வேலைகள் எல்லாமே இப்படித்தான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, காணிப்பாக்கம் பிரம்மோற்சவத்துக்கு வரவேற்பு என்று எதற்கும் முதலில் ஒரு முகம் வரும். அது எதற்கான முகம் என்பது அடுத்த செய்தியில் தெரியும். அன்று காலை பத்தரை மணிக்கு வந்த படத்தில் முனிரத்தினம் அண்ணன் நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது, கீழே வாழையிலையின் ஓரம் தெரிந்தது. அவர் வேலை பார்க்கும் தியேட்டர்காரர்கள் பாராட்டு விழா நடத்துகிறார்கள் போலிருக்கிறது, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அடுத்த செய்தி தெலுங்கில் வந்தது. "ஸ்ரத்தாஞ்சலி. நாலுக்கு ஆறு. சாயந்திரம் லோபல காவாலி." கண்ணீர் அஞ்சலி பேனர், நாலடிக்கு ஆறடி, மாலைக்குள் வேண்டும்.

அனுப்பியவர் அவருடைய மைத்துனர். சித்தூர்க்காரர்தான். அவருக்கு நான் ஒரு பிளெக்ஸ் கடை, அவ்வளவுதான். போன் செய்து எப்படி என்று கேட்டேன்.

"காலைல நெஞ்ச வலிக்குதுன்னு ஒக்காந்தாரு மேடம். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கும்போதே முடிஞ்சிபோச்சி. மேல தெலுங்குல போடுங்க, கீழ தமிழ்ல. தமிழ் எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், எங்கக்கா படிக்கணும்."

சரிங்க என்றேன். எனக்கு அவரைத் தெரியும் என்று சொல்லவில்லை. இலையின் ஓரத்தை வெட்டி எடுத்தேன், பின்னால் வெளிர்நீலம் கொடுத்தேன், தோற்றம் மறைவு தேதிகளை இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்று மணி பஸ்ஸில் பிளெக்ஸ் திருப்பதிக்குப் போயிற்று. நான் போகவில்லை. போகாததற்குக் காரணம் இருந்தது, அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

இதை நான் எழுதுவது ஊருக்கெல்லாம் இல்லை, எங்கள் வரிகளைப் படித்த உங்களுக்கு. திருப்பதி, புத்தூர், நகரி, குப்பம், வேலூர் என்று இருந்த இடத்திலிருந்தே தொலைக்காட்சியில் படத்தையும் கைப்பேசியில் அதன் வசனத்தையும் பார்த்துக்கொண்டிருந்த, காது கேட்காத உங்களுக்கு. உங்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முனிரத்தினம் அண்ணன்மேல் கோபித்துக்கொண்டு வாசகர் குழுவைவிட்டுப் போனீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர்ந்த ஆள் தவறு. அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

முனிரத்தினம் அண்ணன் திருப்பதியில் ஒரு சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். நகரியில் விசைத்தறிக் குடும்பம். தறிச் சத்தம் ஆகாது என்று பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வந்து, அதைவிடப் பெரிய சத்தம் போடும் புரொஜெக்டர் அறையில் உட்கார்ந்தவர். மனைவி கௌரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வேலூர்ப் பக்கம் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர், அதனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். கணவர் ஓட்டுவதோ தெலுங்குப் படங்கள். கல்யாணமான புதிதில் கௌரியை ஆபரேட்டர் அறைக்கு அழைத்துப்போய், ஓட்டைவழியாகப் படம் காட்டி, பக்கத்தில் நின்று கைஜாடையில் கதை சொல்வாராம். ரீல் மாற்றும் நேரத்தில் கதை நின்றுபோகும். "கைய புடிச்சி இழுப்பா. படம் எரிஞ்சிபூடும்டீன்னு சொல்லக்கூட கை காலியா இருக்காது" என்பார்.

ரீல் போய் டிஜிட்டல் வந்ததும் ஆபரேட்டருக்கு ஓய்ந்த நேரம் நிறைய. அந்த நேரத்தில் அவர் ஒரு வேலை செய்தார். ஒரு நாளைக்கு நாலு காட்சி ஓட்டுபவருக்கு மூன்றாம் நாளே வசனம் மனப்பாடமாகிவிடும். அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினார். புரொஜெக்டரில் ஓடும் நேரக் கணக்கைப் பார்த்து, எந்த வசனம் எந்த நிமிடம் எந்த நொடியில் வருகிறது என்று ஓரத்தில் குறித்தார். மாமனார் வீட்டுக்குச் சித்தூர் வந்தபோது அந்த நோட்டோடு என் கடைக்கு வந்தார்.

"இத்த தமிழ்ல அடிச்சித் தரணும்மா. திருப்பதில கேட்டா தமிழுக்கு ஆளில்லன்றாங்க."

முதல் பக்கத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசனங்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் இப்படியெல்லாம் இருந்தது: (கதவு சாத்தப்பட்டது. குழந்தை மட்டும் திரும்பிப் பார்க்கிறது.) (பின்னணி இசை. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாரோ அழப்போகிறார்கள்.) (பாட்டு. நாலு நிமிடம். அடுப்பில் ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டு வரலாம்.) 'டமால் என்று கதவு சாத்தும் சத்தம்' என்று போட்டால் நன்றாக இருக்குமே என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"டமால்னா கௌரிக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார். "சத்தத்த எழுதாத. சத்தத்தால யாருக்கு இன்னா ஆச்சின்னு எழுது. இது அவ சொன்னது. நான் மொதல்ல உன்ன மாதிரிதான் எழுதினேன், அடிச்சிப்போட்டா."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரானோம். அவர் எழுதுவார், கௌரி திருத்துவார், நான் டைப் செய்வேன். கொஞ்ச நாளில் நானே இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டு ஒரு தளம் அமைத்தேன். அதில் படம் கிடையாது, ஒரு நொடிக் காட்சிகூடக் கிடையாது. வெறும் வரிகள். காட்சிக்குக் காட்சி தலைப்பு இருக்கும். தொலைக்காட்சியில் விளம்பரம் முடிந்து கிணற்றடி வந்தால் 'கிணற்றடி' என்பதைத் தொட வேண்டும், அங்கிருந்து வரிகள் தாமாக ஓடும். ஒருவர் சொல்லி ஒருவராக நீங்கள் வந்தீர்கள். வாசகர் குழு ஒன்று உண்டாயிற்று. படத்தைவிட அடைப்புக்குறிக்குள் இருப்பதற்காகவே படிக்கிறேன் என்று புத்தூரில் தையல்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அன்று முழுவதும் முனிரத்தினம் அண்ணன் அந்தச் செய்தியை எத்தனை பேருக்குக் காட்டினார் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம் பொல்லாதது. தியேட்டரை அவர் கொட்டாய் என்றுதான் சொல்வார். படம் கொட்டாயில் ஓடும்வரை ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. தொலைக்காட்சிக்கு வந்த பிறகுதான் தளத்தில் ஏறும். திருட்டுப் பிரதியோடு சேர்த்து யாரும் எங்கள் வரியைப் படித்துவிடக்கூடாது. தயாரிப்பாளர்களுக்கெல்லாம் அனுமதி கேட்டு என் கடையிலேயே கடிதம் அடித்து அனுப்பினார். "வசனம் எழுதினவனுதுதான் சரக்கு. கேக்கறது நம்ம மரியாத." ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்த படத்துக்கும் கடிதம் அனுப்பினார்.

திருட்டைப் பிடித்த கதையை அவரே சொல்லிக் கேட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். மலையிலிருந்து இறங்கி, ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று மதியக் காட்சிக்கு வரும் பக்தர்கள் அந்தத் தியேட்டரில் எப்போதும் உண்டு. ஆபரேட்டர் ஓட்டைவழியாகப் பார்த்தால் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வரிசையாகத் தெரியும். ஒரு நாள் அப்படி ஒரு மொட்டைத் தலைக்காரர் இடைவேளையிலும் எழுந்திருக்காமல் லட்டுப் பையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெருமாள் பிரசாதத்தின்மேல் எத்தனை பக்தி இருந்தாலும் மூன்று மணி நேரம் யாரும் அப்படிப் பிடிக்கமாட்டார்கள். போய்ப் பார்த்தால் பையில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் கைப்பேசி. பதிவை அழிக்க வைத்துவிட்டு, மீதிப் படத்தைப் பார்த்துவிட்டுப் போ என்று அதே இருக்கையில் உட்கார வைத்தார். "டிக்கெட்டு வாங்கினான் இல்ல? முழுப் படமும் அவனுதுதான். எடுத்துகினு போறதுதான் தப்பு."

இப்படிப்பட்ட மனிதரின் தளத்தைத்தான் திருட்டுத் தளம் என்று முடக்கினார்கள்.

ஒரு பெரிய படத்தின் வெளியீட்டுக்கு முன்னால், அதன் தயாரிப்பாளர்கள், திருட்டுத்தனமாகப் படம் போடக்கூடிய தளங்கள் என்று நூற்றுக்கணக்கான முகவரிகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் மூட உத்தரவு வாங்கியிருந்தார்கள். படப் பெயர்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்து எங்கள் முகவரியையும் யாரோ அதில் சேர்த்துவிட்டார்கள். "நம்ம பக்கத்துல கவர்மெண்டு போர்டு மாட்டிகினு இருக்குதும்மா" என்று மதியக் காட்சிக்கு நடுவே போன் செய்தார். மறுநாள் இருவரும் திருப்பதியில் இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "பைனுஞ்சி ஆர்டர் வச்சிந்தண்டி" என்றாள். மேலிடத்து உத்தரவு. "சினிமா லேது மேடம், மாட்டலு மாத்ரமே" என்று அண்ணன் தன் நோட்டைத் திறந்து காட்டினார். படமில்லை, வெறும் பேச்சுதான். அவள் நோட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். தப்பு செய்யாவிட்டால் எதற்கு மூடப் போகிறார்கள் என்று தெலுங்கில் கேட்டாள். உண்மையிலேயே சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். அண்ணன் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

தியேட்டரில் விஷயம் தெரிந்ததும் அவருக்குப் 'பைரசி முனிரத்னம்' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் அவர் அதற்குப் பிறகு கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிப்பதை விட்டுவிட்டார், பிளாஸ்க்கை அறைக்கே எடுத்துப்போனார். நான் புதிய முகவரி ஒன்றில் தளத்தை மறுபடி ஏற்றினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இது திருடனுங்க செய்ற வேலம்மா, மூட மூட வேற கதவத் தொறக்கிறது" என்றார். பிறகு உங்கள் முகங்களை நினைத்துக்கொண்டோ என்னவோ, சரி செய் என்றார்.

இனி வருவது என் பங்கு.

அந்தச் சமயத்தில் இப்படித் தளங்களை முடக்குவதை எதிர்த்து இணையத்தில் ஒரு போராட்டம் திரண்டுகொண்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தளங்களும் ஒரு நாள் திரையைக் கறுப்பாக்குவது என்று தீர்மானம். நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். சென்னை, பெங்களூரு, ஐதராபாத் என்று படித்தவர்கள் கூடிப் பேசும் இடம். நான் எழுதிய இரண்டு பதிவுகளை அங்கே நாலு பேர் பாராட்டினார்கள். பத்து வருடமாக என் தமிழைக் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் யாரும் படித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தளமும் கலந்துகொள்ளும் என்று அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். பிறகு கேட்டேன்.

"அதுல பாதிப் பேரு படத்த ஓசில பாக்கணும்ன்றவன்மா. நான் கொட்டாய்ல சம்பளம் வாங்கறவன். அவன்கூட நின்னுகினு கோஷம் போட்டா மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

"அவங்களையும் நம்மளையும் ஒரே லிஸ்ட்ல போட்டாங்களே அண்ணா. அது தப்புன்னு ஒரு நாள் சொல்லக்கூட கூடாதா?"

"சொல்லு. ஆனா மொத நாளே நம்ம ஜனத்துக்கு எழுதிப் போட்டுடு. அன்னிக்கி புதுப் படம் டீவில போடறான். கௌரி எல்லாரையும் வூட்டுக்குக் கூப்ட்டுகினு இருக்கா."

சரி என்றேன். எழுதிப் போடவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதிர்ச்சி எங்கே இருக்கும் என்று அந்தக் குழுவில் ஒருவர் சொன்னார், எனக்கும் சரி என்றே பட்டது.

வெறுமனே திரையைக் கறுப்பாக்குவது எனக்குப் போதவில்லை. நான் கெட்டிக்காரி அல்லவா. அந்தப் படத்துக்கு அவர் எழுதி, கௌரி திருத்தி, நான் டைப் செய்து வைத்திருந்த வரிகளைப் பக்கத்திலிருந்து அழித்தேன். தலைப்புகளை மட்டும் விட்டுவைத்தேன். யாராவது பேசும் நேரத்தில் ஒரு கறுப்புப் பட்டை வரும், பேச்சு முடிந்தால் போகும். நொடி பிசகாமல் அமைத்தேன். கடைசியில் ஒரு வாக்கியம்: 'இந்த இரண்டரை மணி நேரம் நீங்கள் உணர்ந்த மௌனத்தின் பெயர் தணிக்கை.'

மௌனம் எப்படி இருக்கும் என்று காது கேட்காத உங்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல வாக்கியம் என்று இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

அன்று திருப்பதி கொர்லகுண்டாவில் அவர்கள் வீட்டில் நடந்ததை அங்கே இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கௌரி மசால் வடையும் பாயசமும் செய்திருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குப் படம் தொடங்கியது. அண்ணன் தியேட்டரில் வேலையில் இருந்தார். முதல் பட்டை வந்ததும் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு போனில் பார்த்தார்கள். பிறகு சிக்னல் இல்லையென்று ஒருவர் மாடிக்குப் போனார். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று ஒருவர் சரிபார்த்தார். எல்லாப் போனிலும் வாய் அசையும் நேரத்துக்குச் சரியாகக் கறுப்புப் பட்டை ஓடியது. கௌரிக்கு அவமானமாகிவிட்டது. வாயசைவைப் பார்த்துத் தனக்குத் தெரிந்தமட்டும் கதையை ஊகித்துக் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த வாக்கியம் வந்தது. புத்தூர்ப் பெரியவர் அதைப் படித்துவிட்டுப் போனை மற்றவர்களுக்குக் காட்டினார். எல்லோரும் பாயசம் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்று கையால் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதே நேரத்தில் அந்தக் கறுப்புப் பட்டையின் படத்தை நான் இணையத்தில் போட்டிருந்தேன். அது எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. அன்றைய போராட்டத்திலேயே மனதைத் தொட்டது இதுதான் என்று யார் யாரோ எழுதினார்கள். எல்லோரும் காது கேட்பவர்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது வாசகர் குழுவில் புத்தூர்ப் பெரியவரின் செய்தி வந்தது. 'எங்களுக்கு வெறும் திரை புதிது அல்ல. எங்களை வைத்து யாருக்கு வேடிக்கை காட்டினீர்கள்?'

நான் பதில் தட்டத் தொடங்கினேன். மன்னிப்புக் கேட்டேனா, விளக்கம் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. அனுப்புவதற்கு முன்னால் முனிரத்தினம் அண்ணனின் செய்தி வந்துவிட்டது. மதியக் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவில், அவரே தட்டித் தட்டி எழுதியது. 'மன்னிக்கவும். யோசனை என்னுடையது. கடைசி வாக்கியமும் என்னுடையது. டைப் செய்தவர் நான் சொன்னதைத்தான் செய்தார்.' நான் தட்டியதை அழித்தேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நீங்கள் ஒவ்வொருவராக வெளியேறினீர்கள்.

அவரைப் போனில் அழைத்து ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "உம்மேல கோவம்னா சித்தூர் வந்தா திட்டப்போறாங்க? பேசாம பூடுவாங்க. எம்மேலன்னா வூட்டுக்கு வந்து திட்டுவாங்க, நல்லா திட்டிட்டு மறுபடி சேந்துக்குவாங்க. எனக்கு நம்ம ஜனம் தெரியும்மா" என்றார். யாரும் வரவில்லை. அவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முறையை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்து பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து, கௌரியிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "அவகிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவா. அவளுக்கு மறைக்கிறதுலாம் வராது" என்று சிரித்தார். கௌரி அவரோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரிந்ததும் அன்றுதான். காது கேட்பவர்கள் வீட்டில் பேசாமல் இருந்தால்கூட மற்றவர் சொல்வது காதில் விழுந்துதான் தீரும். "இவ மொகத்தத் திருப்பிக்கினா முடிஞ்சிது. நான் இன்னா சொன்னாலும் காத்துல கைய ஆட்டிகினு இருக்கறதுதான்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சொல்லிவிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அழித்த வரிகளை அடுத்த நாளே திருப்பி ஏற்றினேன். அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. தியேட்டரில் கேலி, வீட்டில் கௌரியின் மௌனம், குழுவில் ஏறக்குறைய யாரும் இல்லை. நோட்டு மட்டும் படத்துக்குப் படம் வந்துகொண்டிருந்தது. கௌரி கொஞ்சம் கொஞ்சமாக முகம் கொடுத்தார், மறுபடியும் திருத்தினார். ஆனால் ஒரு பக்கத்தை நாலைந்து பேர்தான் திறப்பார்கள், அதில் ஒருத்தி நான். இதற்காகவா இவ்வளவு பாடு என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். "கொட்டாய்ல நாலு பேர் ஒக்காந்திருந்தாலும் படம் முழுசாத்தாம்மா ஓடும். ஆள எண்ணிகினு ஓட்றவன் ஆபரேட்டர் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

பதினோராம் நாள் காரியத்துக்கு நான் திருப்பதி போனேன். வீட்டு வாசலில் நான் செய்த பிளெக்ஸ் கட்டியிருந்தது. தமிழ் எழுத்து தெருமுனையிலிருந்தே படிக்கும்படி இருந்தது. உள்ளே உறவுக்காரர்கள் நகரிக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தறி, கல்யாணம், ரீல் காலத்துச் சேட்டைகள். அவர் எழுதிய ஒரு வரியைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. அவர்களுக்குத் தெரியாது. கௌரி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவருடைய போனை வாங்கி நான் தட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பத்திரிகை அடிக்கும் கை, இரண்டு வரிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. 'அந்த ஞாயிற்றுக்கிழமை வரிகளை அழித்தது நான். அண்ணனுக்குத் தெரியாது. முதல் நாளே எல்லோருக்கும் எழுதிப் போடச் சொன்னார், நான் போடவில்லை.'

கௌரி படித்தார். மறுபடி படித்தார். போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். பந்தி போட்டார்கள், என்னைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை.

திரும்பி வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. போனை என் முன்னால் பிடித்தார். கௌரி புத்தகத்தில் தமிழ் படித்தவர், பேச்சுத்தமிழ் அவருக்கு வராது. 'நாற்பத்தைந்து நாட்கள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களை நீ எனக்குத் தர முடியுமா?'

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி தட்டிக் காட்டினார். 'எழுது. எல்லோரும் படிக்கும்படி எழுது. அவர் பெயரில் இருக்கும் அந்த மன்னிப்பை எடு.' பிறகு பந்தியைக் காட்டிச் சாப்பிடச் சொன்னார்.

அதனால் எழுதிவிட்டேன். இதைத் தளத்திலும் போடுகிறேன், வெளியேறிய உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும் அனுப்புகிறேன். அவர் எழுதி முடித்த படங்கள் எல்லாம் தளத்தில் அப்படியே இருக்கும். புதிய படங்களுக்கு இனி வரிகள் இல்லை. என்னால் தெலுங்கைக் கேட்டு எழுதிவிட முடியும், ஒரு சத்தத்தால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஞாயிறு அப்படி நடந்திருக்காது.

அவருடைய நோட்டுகளைக் கௌரி வைத்திருக்கிறார். அவை அங்கே இருப்பதுதான் சரி. அந்தப் பந்திப் படம் மைத்துனர் வீட்டில் மாட்டியிருக்கிறதாம். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பொருள், அந்தத் தவறு. அது என்னுடையது. இத்தனை காலம் அவர் வைத்திருந்தார். இனி நான் வைத்துக்கொள்கிறேன்.